மணியக்காரிக்கு அரை டிக்கெட்

16

காலையிலிருந்து மணியக்காரி வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தது.

"வெறும் வயித்தோட கொண்டாங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. செத்த பொறுத்துக்க" என்று கொளஞ்சியம்மாள் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். பூனைக்கு டாக்டரும் தெரியாது, பொறுமையும் தெரியாது. அவள் அடுப்படிக்குப் போனால் அடுப்படிக்கு வந்தது. கொல்லைக்குப் போனால் கொல்லைக்கு வந்தது. பால் சொம்பைப் பார்த்துக் கத்தியது, பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கத்தியது.

"கத்து. நல்லாக் கத்து. கத்தறதுக்கு உடம்புல தெம்பு இருக்குல்ல, எனக்கு அது போதும்."

போன வாரம் குன்னத்துப் பக்கம் வராதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் ஊர் ஊராக மணியக்காரர் வேலையை எடுத்து ஐந்து வருஷம் ஆகிறது. கொளஞ்சியம்மாளின் புருஷன் ராசாங்கம் வீட்டில் மட்டும் அந்தப் பதவி ஒழியவில்லை. ஒரே மகள் தனத்தை உடையார்பாளையத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு வீடு வெறிச்சென்று கிடந்தபோது தானாக வந்து சேர்ந்த பூனை இது. கொளஞ்சியம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். அவள் பின்னாலேயே போய், அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, கடைசி மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த மிடுக்கைப் பார்த்துத்தான் மணியக்காரி என்று பெயர் வைத்தார்கள்.

தை மாசம் போட்ட மூன்று குட்டிகளும் செத்த பிறகு அதன் வயிற்றில் ஒரு கட்டி தென்பட்டது. அப்போது சுண்டைக்காய் அளவுதான். யாரையும் வயிற்றைத் தொடவிடாத பூனை, தானாக வந்து கொளஞ்சியம்மாள் முன்னால் மல்லாந்து படுத்துக் காட்டியது. பார்த்துச் சொன்னவள் பொன்னாயி. ராசாங்கத்தின் அக்கா. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு இருக்கிறாள்.

"பால் கட்டிக்கிச்சு. மல்லியப்பூ வெச்சுக் கட்டு, கரைஞ்சிடும்" என்றாள்.

பொன்னாயி ஒன்றும் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பிறந்த குழந்தை பதினோராம் நாள் போய்விட்டபோது, மாரில் கட்டிய பாலை மல்லிகைப்பூ வைத்துக் கட்டித்தான் வற்ற வைத்தார்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். ஆகவே கொளஞ்சியம்மாளும் பழைய சேலையைக் கிழித்து, பூவை உள்ளே வைத்து, பூனையின் வயிற்றில் நாற்பது நாள் கட்டினாள். கட்டி கரையவில்லை. நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்தது.

போன வியாழக்கிழமை பெரம்பலூர் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் இராமலிங்கம் அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். "இது பால் இல்லம்மா. புத்து. மாட்டுக்குக் கொம்புல வருதே, அந்த மாதிரி" என்றார். வெட்டி எடுக்கலாம். மயக்கத்திலேயே போனாலும் போகும், பிழைத்தாலும் மறுபடி வரலாம். வெட்டாமல் விட்டால் இரண்டு மூன்று மாசத்தில் உடைந்து புண்ணாகும். அதுவும் வேண்டாமென்றால், வலி தெரியாமல் போய்ச்சேர ஓர் ஊசி இருக்கிறது.

"எதுன்னு அடுத்த வியாழக்கிழமை வந்து சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

இன்றைக்கு அந்த வியாழக்கிழமை.

தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் ராசாங்கம் விடியற்காலை வண்டிக்கே போய்விட்டான். ஒரு வாரமாக அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "யோசிச்சுச் செய்யி. ஊரு சிரிக்கும்" என்றான்.

"ஊருக்கு வேற வேலை இல்லன்னா சிரிக்கட்டும்" என்று அவள் கதவைச் சாத்தினாள்.

ஆனால் வீட்டுக்குள்ளேயே ஓர் ஊர் இருந்தது.

"பூனைக்கு ஆப்பரேசனா? கேக்கறவன் வாயால சிரிக்க மாட்டான்" என்று பொன்னாயி ஆரம்பித்தாள். "அந்த ஊசியப் போட்டு வுட்டுட்டு வா. அதுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

"எனக்கு எதுக்கு நிம்மதி? நோய் எனக்கா வந்துருக்கு?"

"கத்தி வெச்சா பரவும்டி! மேலாப்புல இருக்கறது உள்ள ஓடிப்போயிடும். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரிஞ்சத வெச்சு நாப்பது நாளு பாத்தாச்சு அண்ணி. இனிமே தெரிஞ்சவரு பாக்கட்டும்."

"செத்துப்போயிட்டா?"

கொளஞ்சியம்மாள் மூங்கில் கூடைக்குள் கிழிந்த போர்வையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"செத்தா தூக்கிட்டு வந்து கொல்லையில பொதைக்கிறேன். உக்காந்து அழறேன். ஆனா, எங்கிட்ட வந்து வவுத்தக் காமிச்ச சீவனுக்குப் பூவக் கட்டிட்டுச் சும்மா இருந்துட்டேன்னு காலம்பூரா அழ என்னால முடியாது."

பொன்னாயி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். இது அதிசயம். அவள் வாயை அடைக்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது. பிறகு கொடியிலிருந்து துண்டை உருவித் தோளில் போட்டாள்.

"கூடைய எடு. ஒண்டியா எப்படிப் புடிப்பே? நானும் வரேன்."

பொங்கலுக்குப் பிறகு ஊர் எல்லையைத் தாண்டாதவள் பொன்னாயி. உடம்பு அசதி என்பாள், கை கடுப்பு என்பாள். இப்போது பெரம்பலூருக்கு வருகிறேன் என்கிறாள்! கேட்டால் மனசு மாறிவிடுவாளோ என்று கொளஞ்சியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. மணியக்காரியைப் பிடித்துக் கூடையில் வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டினாள். பள்ளிக்கூடத்துச் சமையலை இன்று ஒரு நாள் கூடச் சமைக்கும் மருதாயி பார்த்துக்கொள்வாள்.

பஸ் ஸ்டாப்பில் பொன்னாயி புளியமர நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாள். பங்குனி வெயில் எட்டு மணிக்கே சுள்ளென்று அடித்தது. அந்த வெயிலிலும் அவள் முந்தானையைத் தோளைச் சுற்றி இறுக்கிப் போர்த்தியிருந்தாள்.

டீக்கடை ஓரத்தில் பூ விற்கிற சுந்தராம்பாள் கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டாள்.

"எங்க, டவுனுக்கா? பூனைக்கு இப்ப எப்படி இருக்கு? உங்க நாத்தனாரு நேத்துகூட ரெண்டு முழம் வாங்கிட்டுப் போனாங்க."

"ரெண்டு முழமா?"

"பூனைக்குத்தானே தெனம் வாங்கறாங்க. ஒரு நாளு தப்பறதில்ல, பாவம்."

கொளஞ்சியம்மாள் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்து நின்றது. குன்னத்தில் பஸ் நிற்பது ஒரு கண் இமைக்கிற நேரம்தான். பூவை மறந்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

முன்வாசலில் ஏறியதும் கூடைக்குள்ளிருந்து ஒரு நீளமான குரல் வந்தது.

டிரைவர் மதுரைவீரன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். சாலையில் ஒரு பூனை குறுக்கே போனால் வண்டியை ஓரம் கட்டி, துப்பி, வேறு யாராவது தாண்டிப் போகும்வரைக்கும் காத்திருந்துதான் எடுப்பார். கல்யாண வீட்டுக்காரர்கள் உள்ளே இருந்து கெஞ்சினாலும் அப்படித்தான்.

"ராசாங்கம்! என்னய்யா இது? பூனைய ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டச் சொல்றியா? நான் புள்ளகுட்டிக்காரன்."

பின்னாலிருந்து ராசாங்கம் எட்டிப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். கூடையைப் பார்த்தான். அதற்குப் பின்னால் அக்காவையும் பார்த்ததும் வாயில் இருந்த விசில் தானாகக் கீழே விழுந்தது.

"அண்ணே" என்றாள் கொளஞ்சியம்மாள், டிரைவரிடம். "பூனை குறுக்க போனாத்தானே ஆவாது? இது குறுக்கயா போவுது? உங்ககூட நேராத்தானே வருது?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. மதுரைவீரனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"தங்கச்சி, வெளையாடாத. எறங்கிடு."

"எறங்க மாட்டேன். சீக்கு வந்த சீவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன். போன வாரம் இதே சீட்டுல சித்தளிக்காரரு கோழிக்கூடைய வெச்சிருந்தாரு. அதுக்கு முன்ன ஆட்டுக்குட்டி வந்துச்சு. அறுக்கக் கொண்டுபோறதுக்கு எடம் இருக்கு, பொழைக்கக் கொண்டுபோறதுக்கு எடம் இல்லையா?"

எல்லாரும் கண்டக்டரைப் பார்த்தார்கள். ஊர் சிரிக்கும் என்று காலையில் சொன்னவன், இப்போது ஒரு பஸ் நிறைய ஊரை வைத்துக்கொண்டு நின்றான்.

ராசாங்கம் பையைச் சரிசெய்துகொண்டு நடுவழியில் நடந்து வந்தான்.

"எங்க போவணும்?" என்றான், யாரோ ஒரு பயணியைக் கேட்பதுபோல.

"பெரம்பலூரு. எனக்கு ஒண்ணு, அண்ணிக்கு ஒண்ணு. இதுக்கு எவ்வளவு?"

அவன் டிக்கெட்டைக் கிழித்தான். ஒன்று. இன்னொன்று. பிறகு எச்சில் தொட்டு மூன்றாவதாக ஓர் அரை டிக்கெட்டைக் கிழித்துக் கூடையின் கண்ணில் செருகினான்.

"டிக்கெட்டு எடுத்தாச்சுண்ணே. டிக்கெட்டு எடுத்தவங்கள எறக்கி வுட எனக்கு ரூல் இல்ல. போலாம், ரைட்!"

மதுரைவீரன் வெளியே எட்டி மூன்று தடவை துப்பினார். வண்டி கிளம்பியது. கொளஞ்சியம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருபது வருஷத்தில் இந்த மனுஷன் மேல் இவ்வளவு பிரியம் வந்ததில்லை. அதை இத்தனை பேருக்கு முன்னால் காட்டிக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

மாட்டாஸ்பத்திரியில் அன்று கூட்டம். எல்லாரும் மாடு வைத்திருந்தார்கள். மற்றக் கொம்பின் இடத்தில் கட்டு மாற்ற ஒற்றைக்கொம்புக் காளையோடு வந்த ஒரு காளைக்காரர், கூடையைப் பார்த்து, "பூனைக்குப் புத்தா? அதுக்கு வைத்தியமா? கலிகாலம்டா சாமி" என்று பக்கத்து ஆளின் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"உங்க மாட்டுக்கு என்ன வந்துச்சுங்க?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"கொம்புப் புத்து. போன மாசம்தான் அறுத்தாங்க."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே நோயிதான். உங்க மாட்டுக்கு வந்தா வைத்தியம், எம் பூனைக்கு வந்தா சிரிப்பா?"

"மாடு ஏரு ஓட்டுதும்மா."

"இது முந்நூறு புள்ளைங்க அரிசியக் காபந்து பண்ணுது. அது ஒண்ணும் பண்ணாட்டியும் கொண்டாருவேன். உங்களுக்கென்ன?"

காளைக்காரர் காளையைத் தடவ ஆரம்பித்தார்.

டாக்டர் இராமலிங்கம் பூனையை மேஜையில் படுக்கவைத்து அமுக்கிப் பார்த்தார். பொன்னாயி அதன் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வலது கையால் மட்டும். இடது கை உடம்போடு ஒட்டியிருந்தது.

"மாட்டுக் கொம்புன்னா கண்ணைக் கட்டிவிட்டாலும் அறுப்பேன்" என்றார் டாக்டர். "பூனைக்கு இதுவரைக்கும் ஒரு தடவைதான் பண்ணியிருக்கேன். மறைக்க விரும்பலை."

"அது என்ன ஆச்சுங்க?"

"ஒரு வருஷம் நல்லா இருந்துச்சு. அப்புறம் மறுபடி வந்துடுச்சு."

"ஒரு வருஷம்" என்று கொளஞ்சியம்மாள் சொல்லிப் பார்த்தாள். ஒரு மழைக்காலம், ஒரு பொங்கல், ஒரு முழுப் பள்ளிக்கூட வருஷம். கொஞ்சம் என்று தோன்றவில்லை அவளுக்கு.

அப்போது பொன்னாயி கேட்டாள். "சார், கத்தி வெச்சா பரவும்ங்கறாங்களே?"

"கத்தியால பரவாதும்மா. அது பாட்டுக்குத் தானே பரவும். முத்தவிட்டுக் கொண்டாறாங்க, அறுத்தப்புறம் செத்துப்போவுது, பழி கத்தி மேல விழுவுது."

"வலியே இல்லையே சார். வலி இல்லாமலா அவ்வளவு கெட்ட நோயி இருக்கும்?"

"ஆரம்பத்துல வலிக்காது. அதான் சனங்க ஏமாந்துடறாங்க."

"மல்லியப்பூ வெச்சா கொஞ்சங்கூடவா கரையாது?"

"பால் கட்டினா சரி. இதுக்குப் பூவும் ஒண்ணுதான், புல்லும் ஒண்ணுதான்" என்ற டாக்டர், கொளஞ்சியம்மாள் பக்கம் திரும்பினார். "என்ன முடிவு?"

மணியக்காரி மேஜையிலிருந்து அவளையே பார்த்தது. இப்போது கத்தவில்லை. வீட்டில் பேசிய வீறாப்பெல்லாம் ஒரு நிமிஷம் எங்கேயோ போய்விட்டது. ஊசி போட்டுவிட்டால் இந்தப் பயம் இப்போதே முடிந்துவிடும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காகவே தன் மேல் கோபம் வந்தது.

"அறுத்துடுங்க சார்" என்றாள்.

வெளியே வேப்பமரத்தடியில் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. கொளஞ்சியம்மாள் வெற்றுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த அரை டிக்கெட்டை எடுத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

மல்லிகை வாசம் வந்தது.

கூடையில்தான் பழைய வாசம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் நினைத்தாள். மோந்து பார்த்தாள். கூடையில் பூனை வாசம்தான் இருந்தது. வாசம் வேறு பக்கத்திலிருந்து வந்தது, வேர்வையில் வாடிய பூவின் வாசம்.

சுந்தராம்பாள் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேற்றுகூட இரண்டு முழம். ஆனால் பூனைக்குப் பூக் கட்டுவதை நிறுத்தி முழுசாக ஒரு வாரம் ஆகிவிட்டதே! டாக்டர் கட்டை அவிழ்த்து வீசிய பிறகு வீட்டில் யார் பூக் கட்டினார்கள்? புருஷன் போன நாளிலிருந்து பொன்னாயி தலையில் ஒரு பூ ஏறியதில்லை. அவள் பூ வாங்கினால் பூனைக்குத்தான் என்று ஊரே நம்பும். வேறெப்படி நினைக்கத் தோன்றும்?

வெயிலில் இறுக்கிப் போர்த்திய முந்தானை. உடம்போடு ஒட்டிய இடது கை. வலியே இல்லையே சார்.

கொளஞ்சியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். மெல்லத் திரும்பி நாத்தனாரின் தோளில் கை வைத்தாள்.

"கைய எடுடி" என்றாள் பொன்னாயி. சத்தம் இல்லாத குரல்.

"எத்தினி நாளா அண்ணி?"

பொன்னாயி முந்தானையை இன்னும் இறுக்கினாள்.

"அண்ணி, எத்தினி நாளா?"

"பொங்கலுக்கு முன்னயே" என்றாள் பொன்னாயி, தரையைப் பார்த்து. "மொதல்ல சின்னதாத்தான் இருந்துச்சு. அந்தப் பூனை வவுத்துலயும் அதே மாரி பாத்ததும் எனக்குப் பகீர்னுச்சு. அதுக்குக் கரைஞ்சா எனக்கும் கரையும்னு நெனச்சேன். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் பூ வாங்கினேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"என்னன்னு சொல்ல? இந்த வயசுல மாரத் தொறந்து எவங்கிட்ட காட்டறது? தம்பிகிட்ட எந்த வாயால சொல்றது?"

கொளஞ்சியம்மாளுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாக ஆத்திரம் வந்தது. பொன்னாயி மேல் இல்லை. பூவின் மேல், போர்த்திய முந்தானையின் மேல், ஊர் சிரிக்கும் என்ற அந்த வார்த்தையின் மேல். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

"திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு இங்கேருந்தே பஸ் இருக்கு. எந்திரிங்க."

"ஏண்டி, பைத்தியமா உனக்கு? உள்ள பூனை கெடக்குது."

"அது கண்ணு முழிச்சதும் போவோம்."

பொன்னாயி முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தாள். காலையில் வீட்டை அதிரவைத்த பொன்னாயி இல்லை இவள்.

"அப்ப ஒண்ணு செய்வோம்" என்றாள். "அது முழிச்சுதுன்னா நான் வரேன். சத்தியமா வரேன். முழிக்கலன்னா என்னைய வுட்டுடணும். வூட்டுல யாருகிட்டயும் மூச்சு வுடக்கூடாது."

வெளியே சாலையில் அரியலூர் போகும் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. ராசாங்கம் படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு என்று கையை ஆட்டிக் கேட்டான். மதுரைவீரன்கூடத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். இரண்டு பெண்களும் அசையவில்லை. இன்னும் ஒரு ஹாரன் அடித்துவிட்டு பஸ் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக் கதவு திறந்தது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் நின்றார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"கட்டி முழுசா வந்துடுச்சு" என்றார். "மூச்சு இருக்கு. ஆனா இந்நேரத்துக்கு முழிச்சிருக்கணும், இன்னும் முழிக்கலை. பழகின குரல் கேட்டா நல்லது. உள்ள வாங்க."

பொன்னாயி எழுந்திருக்கவில்லை. தொட்டியின் விளிம்பை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, "நீ போ. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

கொளஞ்சியம்மாள் அந்தக் கையை விளிம்பிலிருந்து பிரித்து எடுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டாள்.

"பந்தயமெல்லாம் எங்கிட்ட வேணாம் அண்ணி" என்றாள். "அது முழிச்சாலும் நீங்க வருவீங்க. முழிக்காட்டியும் நீங்க வருவீங்க. நான் இழுத்துட்டுப் போவேன். இப்ப மொதல்ல உள்ள வந்து அதக் கூப்புடுங்க. தெனம் நீங்க திட்டற கொரலுதான் அதுக்கு நல்லாத் தெரியும்."